தலைக்கு மேலே ஓர் எலும்புக்கூடு: ஹாலோவீன் திரைவிழாவுக்குக் கம்பி கட்டிய அனுபவம்

1959இல் வெளியான 'ஹவுஸ் ஆன் ஹான்டட் ஹில்' படத்துக்குத் திரைக்கு வெளியேயும் ஒரு காட்சி இருந்தது. கடைசிக் கட்டத்தில் திரையில் ஓர் எலும்புக்கூடு எழுந்து நடக்கும். அதே நேரத்தில் நிஜமான ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு கம்பியில் தொங்கியபடி பார்வையாளர்களின் தலைக்கு மேலே மிதந்து போகும். படத்தின் தயாரிப்பாளரும் இயக்குநருமான வில்லியம் காசில் இதற்கு 'எமெர்கோ' என்று பெயர் சூட்டி விளம்பரம் செய்தார். அதற்கு முந்தைய ஆண்டு 'மெக்காபர்' படம் பார்த்துப் பயத்தில் யாராவது இறந்தால் 1,000 டாலர் என்று லண்டன் லாயிட்ஸ் வழியாகக் காப்பீடு எடுத்துக் கொடுத்தவர் அவர்.

நான் இருக்கும் சிற்றூர் மேற்குப் பென்சில்வேனியாவில் இருக்கிறது. ஹாலோவீனை ஒட்டிய வாரக்கடைசியில் ஊரின் பழைய மேடை அரங்கில் பழைய திகில் படங்களைத் திரையிடுகிறோம். புரொஜெக்டர், ஒலிபெருக்கி, மேடை வேலை எல்லாம் என் பொறுப்பு. இந்த ஆண்டு எமெர்கோவைச் செய்தே தீருவது என்று விழாக் குழு முடிவெடுத்தது. கூரையில் ஒரு கயிற்றைக் கட்டி, கடையில் விற்கும் ஹாலோவீன் பொம்மையை அதில் மாட்டி இழுத்துவிட்டால் போதும் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. 75 நிமிடம் ஓடும் அந்தப் படம், கடைசிப் பத்து நிமிடத்துக்காகவே இருட்டையும் அமைதியையும் சிறுகச் சிறுகச் சேர்த்துவைக்கிறது. ஆடிக் குலுங்கி வரும் ஒரு பொம்மை அத்தனையையும் அரை நிமிடத்தில் கலைத்துவிடும். செய்தால் படத்தின் ஒரு பகுதியாகச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் செய்யவே கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன்.

முதலில் படப் பட்டியலைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளி இரவு 'நாஸ்ஃபராட்டு' (1922). சனி மதியம் 'தி பேண்டம் ஆஃப் தி ஓபரா' (1925). சனி மாலை 'ஹவுஸ் ஆன் ஹான்டட் ஹில்', அதை அடுத்து 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968). நான்குமே அமெரிக்காவில் காப்புரிமைக்கு வெளியே இருப்பவை. கடைசிப் படம் இந்த வட்டாரத்துப் படம். ஜார்ஜ் ரொமேரோ அதைப் பிட்ஸ்பர்குக்கு வடக்கே எவான்ஸ் சிட்டி பக்கம் எடுத்தார். விநியோக நிறுவனம் கடைசி நேரத்தில் படத்தின் பெயரை மாற்றியபோது, புதிய தலைப்பு அட்டையில் காப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப் போயிற்று. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் உரிமையும் இல்லை என்பது அன்றைய சட்டம். எடுத்தவர்களுக்கு அது பெரிய இழப்பு. எங்களைப் போன்ற சிற்றூர் அரங்குகளில் அந்தப் படம் இன்னமும் ஓடுவதற்கும் அதுதான் காரணம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பழைய படத்துக்கு உரிமை முடிந்திருந்தாலும், புதிதாகச் சீரமைத்து வெளியிட்ட பிரதிக்கும் அதில் சேர்த்த இசைக்கும் தனி உரிமை இருக்கலாம். கையில் இருக்கும் பிரதி எது என்று பார்த்து, தேவைப்பட்டால் பணம் கட்டி எழுத்தில் அனுமதி வாங்கிவிடுவது நல்லது.

வெள்ளிக்கிழமைப் படத்துக்கான வேலையெல்லாம் கணினியில்தான். கையில் இருந்த 'நாஸ்ஃபராட்டு' பிரதி வெறும் கறுப்பு வெள்ளை. 1922இல் இரவுக் காட்சிகளைப் பகல் வெளிச்சத்தில் எடுத்து, திரையிடும் பிரதியை நீலச் சாயத்தில் தோய்த்துத்தான் இரவாக்கினார்கள். சாயம் இல்லாத பிரதியில் ஆர்லாக் பிரபு தன் சவப்பெட்டியைத் தானே சுமந்துகொண்டு பட்டப்பகலில் தெருவில் நடக்கிறார். சூரிய வெளிச்சம் பட்டால் மாய்ந்துபோகிற பேய் அவர்! நீலம் இல்லையென்றால் படத்தின் முடிவே பொருளற்றுப் போகிறது. எனவே எடிட்டிங் மென்பொருளில் காட்சி காட்சியாகப் பிரித்து, வெளிப்புற இரவுக்கு நீலம், விளக்கு எரியும் அறைக்கு மஞ்சள், விடியலுக்கு இளஞ்சிவப்பு என்று ஏற்றினேன். சாயம் ஏறிய பிலிமில் வெளுப்பான இடங்கள்தான் நிறம் வாங்கும். கறுப்பு கறுப்பாகவே நிற்கும். மென்பொருளிலும் நிறத்தைப் படத்தின் மேல் 'மல்ட்டிப்ளை' எனப்படும் பெருக்கல் முறையில் வைத்தால்தான் அந்த விளைவு வருகிறது. வெறுமனே மேலே பூசினால் கறுப்பும் நீலமாகி, படம் முழுக்கப் புகை படிந்ததுபோல் ஆகிவிடும்.

வேகமும் முக்கியம். நொடிக்கு 18 சட்டகம் (ஃபிரேம்) என்ற கணக்கில் ஓட வேண்டிய படத்தை 24இல் ஓட்டினால் மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடிவிடும். 94 நிமிடப் படம் 70 நிமிடத்தில் முடியும். எல்லோரும் குடுகுடுவென்று ஓடுவார்கள். அதைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு. ஆர்லாக்கின் குதிரை வண்டி காட்டுக்குள் வரும் காட்சியை இயக்குநர் முர்னாவ் வேண்டுமென்றே வேகமாக ஓடும்படி எடுத்திருக்கிறார். மரங்கள் வெண்மையாகத் தெரியும்படி நெகட்டிவ் படத்தையே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறார். மற்ற மனிதர்கள் இயல்பாக நடந்தால்தான் அந்த வண்டியின் இயல்பற்ற ஓட்டம் உடம்பில் உறைக்கும். படம் முழுவதையும் 18க்கு இறக்கிய பிறகு அந்த வண்டி வந்த விதத்தைப் பார்த்து, முன்வரிசையில் இருந்த சிறுவர்கள் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்கள்.

இனி எலும்புக்கூடு.

எங்கள் அரங்கில் மேடையிலிருந்து பின்சுவர் வரை 18 மீட்டர். கூரையைத் தாங்குவது மரச்சட்டங்கள். புரொஜெக்டர் பின்புறம் நடுவில், மாடி விளிம்பில் நிற்கிறது. கம்பியை எங்கே கட்டுவது என்பதற்கு முன்னால், எங்கே கட்டக்கூடாது என்பதைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. எலும்புக்கூடு ஒளிக்கற்றைக்குள் ஒரு கையை நீட்டினாலும் திரையில் பூதாகாரமான நிழல் விழும். லென்ஸின் முன்னாலிருந்து திரையின் இடது மேல் மூலைக்கும் இடது கீழ் மூலைக்கும் இரண்டு வெள்ளை நூல்களை இழுத்துக் கட்டினேன். ஒளிக்கற்றையின் இடது விளிம்பு அப்படியே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. திரையருகே அகலமாகவும் பின்னால் போகப் போகக் குறுகியும் இருக்கும் அந்த விளிம்புக்கு இணையாக, ஒரு மீட்டர் வெளியே கம்பியின் பாதையை வைத்தோம். இதில் ஒரு நன்மையும் கிடைத்தது. எலும்புக்கூடு மேடையின் இடப்பக்க ஓரத்தில் புறப்பட்டு, சாய்வாக வந்து, அரங்கின் நடுவில் இருப்பவர்களுக்கு மேலே போய் முடியும். யாரும் எதிர்பார்க்காத கோணம் அது.

அடுத்தது தொய்வு. கம்பி விறைப்பாக இருந்தால் நல்லது என்றுதான் எவருக்கும் தோன்றும். கணக்கு வேறு சொல்கிறது. எங்கள் எலும்புக்கூடு, அதைக் கம்பியில் உருட்டிச் செல்லும் சிறு வண்டியோடு சேர்த்து 3 கிலோ. 18 மீட்டர் கம்பியின் நடுவில் அது தொங்கும்போது 45 சென்டிமீட்டர் தொய்வு விட்டால், கம்பியில் ஏறும் இழுவிசை சுமார் 30 கிலோ. தொய்வை 15 சென்டிமீட்டராகக் குறைத்தால் அதே 3 கிலோ பொம்மை 90 கிலோ விசையோடு சுவரைப் பிடித்து இழுக்கும். பழைய கட்டடத்தின் மரத்துக்கு அந்தச் சுமையைக் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை. 45 சென்டிமீட்டர் தொய்வையே வைத்துக்கொண்டோம். கம்பி, 2.4 மில்லிமீட்டர் எஃகு வடம். அறுபடும் வலு 400 கிலோவுக்கு மேல். மனிதர்களின் தலைக்கு மேலே எதைக் கட்டினாலும், தாங்க வேண்டிய சுமையைப் போல் பத்து மடங்காவது வலு இருக்க வேண்டும் என்பது மேடைத் தொழிலில் பொதுவான கணக்கு. முனைகளை வளையத்தில் சுற்றிச் செம்புக் குழாய் வைத்து நசுக்கினோம். பின்முனையில் இறுக்கம் திருத்த ஒரு டர்ன்பக்கிள். அது தானாகத் திரும்பாமல் இருக்கக் கம்பி கட்டிப் பூட்டினோம்.

அரங்கு காலியாக இருந்தபோது பொம்மைக்குப் பதிலாக 10 கிலோ மணல்மூட்டையை நடுவில் தொங்கவிட்டு ஓரிரவு அப்படியே வைத்தோம். அப்போது கம்பியில் ஏறிய இழுவிசை, பொம்மை தொங்கும்போது இருப்பதைவிட மிக அதிகம். காலையில் அளந்தபோது தொய்வு கூடவில்லை. போல்ட் போட்ட இடத்தில் மரம் கீறவில்லை. ஊர்த் தீயணைப்பு அதிகாரியும் வந்து ஏணியில் ஏறிப் பார்த்தார். எலும்புக்கூட்டை ஒளித்துவைக்கும் பெட்டிக்கு முன்னால் தொங்கும் கறுப்புத் துணி, வெளியேறும் வழியின் விளக்குகளை மறைக்கக் கூடாது என்றும், துணி தீப்பற்றாத வகையாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். இரண்டும் நியாயம். ஒரு வாசல் விளக்கின் சிவப்பு வெளிச்சம் திரையின் ஓரத்தில் படுவது எனக்கு உறுத்தத்தான் செய்தது. இருந்தாலும் அதைத் தொடவில்லை.

கடையில் வாங்கிய எலும்புக்கூடு அப்படியே பறக்கவிடத் தகுதியானது அல்ல. மூன்று காரியங்கள் செய்தோம்.

அதன் பிளாஸ்டிக் பளபளத்தது. மணல்தாளால் தேய்த்து, பளபளப்பில்லாத வெளிர் பூச்சு அடித்து, விலா எலும்புகளின் இடுக்குகளில் பழுப்பைக் கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் தேய்த்தோம். இருட்டில் நிறத்தைவிட இடுக்குகளின் நிழல்தான் எலும்பை எலும்பாகக் காட்டுகிறது.

மூட்டுகள் கடகடவென்று அடித்துக்கொண்டன. முழங்கால், முழங்கை, இடுப்பு மூன்றிலும் சிலிக்கான் பசையை நிரப்பினோம். தோளையும் மணிக்கட்டையும் மட்டும் தளர்வாக விட்டோம். கைகள் காற்றில் மெல்ல அலைய வேண்டும். தாடையைக் கறுப்பு நூலால் பாதி திறந்த நிலையில் கட்டினோம்.

கண்குழிகளில் சிவப்பு எல்இடி. இரண்டு சாதாரணப் பென்சில் பேட்டரி, ஒவ்வொரு விளக்குக்கும் பிரகாசத்தை மட்டுப்படுத்த 100 ஓம் ரெசிஸ்டர். அதற்குமேல் பிரகாசம் வைத்தால் கண் மட்டும் தெரிந்து மண்டை ஓடு மறைந்துவிடும். விளக்கின் முகப்பையும் மணல்தாளால் மங்கலாக்கினோம். பெட்டிக்குள் இருக்கும்போது அணைந்திருந்து, வெளியே வந்ததும் எரிய வேண்டும் என்பதற்காக, காந்தம் அருகில் இருக்கும்வரை அணைந்திருக்கும் வகை சுவிட்சை வைத்தோம். பெட்டிச் சுவரில் ஒரு காந்தம். எலும்புக்கூடு ஒரு முழம் நகர்ந்ததும் கண் திறக்கும்.

நிமிர்ந்த நிலையில் தொங்கவிட்டால் கால்கள் நின்றிருப்பவர் கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்துவிடும். குப்புறச் சாய்ந்த நிலையில், தலை முன்னால் இருக்கும்படி, இரண்டு இடங்களில் தொங்கவிட்டோம். இப்போது தாழ்வான இடம்கூடத் தரையிலிருந்து 3 மீட்டர். உயரம் கிடைத்தது பெரிதல்ல. எலும்புக்கூடு கீழே பார்க்கத் தொடங்கிவிட்டது. நாற்காலியில் இருப்பவர் நிமிர்ந்தால், அது அவரைப் பார்த்துக்கொண்டே போகிறது.

இழுப்பதற்கு மோட்டார் வைக்கலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். நான் கையால் சுழற்றும் சக்கரத்தையே கேட்டேன். சைக்கிளின் முன்சக்கரம், டயர் இல்லாமல். பின்சக்கரம் என்றால் டிக் டிக் என்று சத்தம் போடும். முன்சக்கரத்தில் அந்தச் சத்தம் இல்லை, பந்துத் தாங்கிகளில் வழுக்கிக்கொண்டு சுற்றும். விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டி, அதில் கறுப்பு நைலான் கயிற்றை ஒன்றரைச் சுற்று சுற்றி, மறுமுனையில் ஒரு கப்பி வழியாகத் திருப்பி, முடிவில்லாத வளையமாகக் கட்டினோம். விளிம்பின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். ஒன்பது சுற்றில் எலும்புக்கூடு பின்சுவரை அடையும். ஒரு சுற்றுக்கு மூன்று நொடிக்குக் குறையக் கூடாது என்று வைத்துக்கொண்டோம்.

முதலில் போட்ட உலோகக் கப்பிகள் எஃகு வடத்தின் மேல் ஓடும்போது ஒரு கீச்சொலி எழுந்தது. கூரை மரம் அதை வாங்கி அரங்கு முழுக்கப் பரப்பியது. நைலான் உருளைகளுக்கு மாறி, கம்பியைப் பிடிக்கும் தகட்டுக்கும் மரத்துக்கும் இடையே ரப்பர் வைத்த பிறகு அடங்கியது.

சக்கரத்தைச் சுற்ற வந்தவர் ஊர் உயர்நிலைப் பள்ளியின் நாடகக் குழுவில் மேடை வேலை பார்க்கும் மாணவி. அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது ஒன்றுதான். தொய்வான கம்பியில் புறப்படும் இடம் இறக்கம், சேரும் இடம் ஏற்றம். தொடக்கத்தில் எலும்புக்கூடு தானாகவே ஓடப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டே விட வேண்டும். நடுவைத் தாண்டியதும் இழுக்க வேண்டும். தேர் நிலை பெயரும் முதல் அசைவு போல, அந்த முதல் அரைச் சுற்று குலுக்கல் இல்லாமல் வந்துவிட்டால் மற்றது தானாக வரும். அவர் கை அதைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டது.

மோட்டார் வேண்டாம் என்றதற்கு வேறொரு காரணம் உண்டு. அதைச் சொல்ல வேண்டுமானால் படத்தின் முடிவைச் சொல்லியாக வேண்டும். பார்க்காதவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடலாம்.

திரையில் அமிலத் தொட்டியிலிருந்து எழும் எலும்புக்கூடு, தன் கணவனைக் கொல்லத் திட்டமிட்ட மனைவியை நோக்கி நடக்கிறது. அவள் பின்வாங்கிப் பின்வாங்கித் தொட்டியில் விழுகிறாள். அதன் பிறகு இருட்டிலிருந்து கணவன் வெளியே வருகிறான். நடித்தவர் வின்சென்ட் பிரைஸ். அவனிடம் கயிறும் சுருளும் கொண்ட ஒரு கருவி. எலும்புக்கூட்டை ஆட்டியது அவன்தான். அதாவது, படத்துக்குள் நடப்பதே ஓர் எமெர்கோ. கதைக்குள் ஒருவன் கயிற்றில் எலும்புக்கூட்டை இயக்குகிறான். அரங்குக்குள்ளும் ஒருவர் அதையே செய்கிறார். படம் தன் கையை மறைக்கவில்லை, கடைசியில் நம் முன் நீட்டிக் காட்டுகிறது. அப்படியிருக்க நாங்கள் மட்டும் எங்கள் கையை ஏன் மறைக்க வேண்டும்?

குழுவில் எதிர்ப்பு இருந்தது. தந்திரத்தைக் காட்டினால் மாயம் போய்விடும் என்றார்கள். பயம் முழுதாகத் தன் வேலையைச் செய்து முடித்த பிறகுதானே காட்டப் போகிறோம் என்று வாதாடினேன். மேடையின் இடது மூலையில், சக்கரத்துக்கு மேலே ஒரு சிறிய விளக்கை மாட்டினோம். பிரைஸ் இருட்டிலிருந்து வெளிப்படும் அதே நொடியில் அது எரிய வேண்டும்.

சனிக்கிழமை மாலை நாற்காலிகள் நிறைந்தன. பெட்டியின் கதவு கறுப்புத் துணிக்குப் பின்னால் ஓசையில்லாமல் திறந்தது. எனக்கே அது தெரியவில்லை. கண்கள் எரிந்ததும் முதலில் பார்த்தவர்கள் இடது ஓரத்து வரிசைக்காரர்கள். அவர்கள் எழுப்பிய கூச்சலில் நடுவரிசை அவர்கள் பக்கம் திரும்பியது. அதற்குள் அது நடுவரிசைக்கு மேலே வந்துவிட்டது. திரையின் வெளிச்சம் முதுகெலும்பின் ஒரு பக்கத்தை மட்டும் கோடாகக் காட்ட, தளர்வாக விட்ட இரு கைகளும் மெல்ல அலைந்தன. பாப்கார்ன் பறந்தது. 1959இலும் சிறுவர்கள் கவண் கொண்டுவந்து எலும்புக்கூட்டைக் குறிபார்த்தார்கள் என்று சொல்வதுண்டு. சிரிப்பும் அலறலும் ஒரே வாயிலிருந்து வந்தன. பழைய திகில் படத்துக்குச் சிரிப்பது அவமரியாதை என்று நான் நினைக்கவில்லை. பயந்த உடம்பு தன்னை விடுவித்துக்கொள்ளும் வழி அது. பயமே இல்லாத சிரிப்பு வேறு மாதிரி ஒலிக்கும், இது அதுவல்ல.

எலும்புக்கூடு பின்சுவரை அடைந்தபோது எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பியிருந்தன. பிரைஸின் குரல் அவர்களைத் திரைக்குத் திருப்பியது. விளக்கு எரிந்தது. கறுப்பு உடையும் கறுப்புக் கையுறையும் அணிந்த ஒரு பதினாறு வயதுப் பெண், சைக்கிள் சக்கரத்தின் மேல் ஒரு கையை வைத்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கணம் அரங்கு திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு எழுந்த கைதட்டலில் அடுத்த வசனம் யாருக்கும் கேட்கவில்லை.

அதற்குப் பின் ஓடிய 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்துக்கு நாங்கள் எதையும் சேர்க்கவில்லை. அதற்கும் ஏதாவது செய்யலாமே, பிணங்கள்போல் ஒப்பனை போட்ட ஆட்களை நடுவழியில் நடக்கவிடலாமே என்று கேட்டவர்கள் உண்டு. மறுத்துவிட்டேன். காசில் தன் படத்தை அரங்கை நோக்கிக் கை நீட்டும்படி எடுத்தார். ரொமேரோ அப்படி எடுக்கவில்லை. செய்திப்படம்போல ஓடி, டுவேன் ஜோன்ஸ் நடித்த பென் என்ற நாயகனின் முடிவை அசையாத புகைப்படங்களாகக் காட்டி முடியும் படம் அது. அதன் குறுக்கே நாம் நிற்கக் கூடாது. கம்பியைக்கூட இடைவேளையில் கழற்றிச் சுருட்டிவிட்டோம். வெளிச்சம் பட்டு மினுங்கும் ஒரு கோடுகூட அங்கே வேண்டாம் என்பதற்காக.

மரத்தில் போட்ட போல்ட்டுகளையும் தகடுகளையும் மட்டும் அப்படியே விட்டிருக்கிறோம். ஒவ்வொன்றிலும் எவ்வளவு சுமை தாங்கும், எப்போது சோதித்தோம் என்று எழுதிய தகரச் சீட்டு தொங்குகிறது. நைலான் கயிறு சக்கர விளிம்பில் உரசிய இடத்தில் இலேசாகப் பஞ்சு விட்டிருக்கிறது; அடுத்த ஆண்டு அதை மாற்ற வேண்டும். காசிலின் 'தி டிங்ளர்' படத்தைப் போடலாமா என்று பேச்சு நடக்கிறது. அதற்கு உரிமம் வாங்க வேண்டும். அன்று காசில் செய்ததுபோல இருக்கைக்கு அடியில் அதிரும் மோட்டார்களும் வேண்டும். அரங்கின் உடைந்த நாற்காலி ஒன்று இப்போது என் பட்டறையில் இருக்கிறது. இருக்கைப் பலகையின் கனத்தை அளந்து, எந்த எடையுள்ள மோட்டார் அதை அதிரவைக்கும் என்று பார்க்கத் தொடங்கியிருக்கிறேன்.